வார்ப்பிரும்பு புல்லட்டில் எதை மாற்றலாம்?

திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வார்ப்பிரும்பு சிலிண்டரோடு வந்த புல்லட் 350-ஐ வைத்திருப்பவர்களிடையே தீராத சண்டை ஒன்று இருக்கிறது. ஒரு போல்ட்டைக்கூட மாற்றக்கூடாது, கம்பெனியிலிருந்து வந்தபடியே நிற்கவேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். என் பணம், என் ரசனை, டேங்க்கிலிருந்து சைலன்சர் வரை பிடித்ததை மாட்டுவேன் என்பவர்கள் மறுபக்கம். இருவருக்கும் வண்டிமீது பிரியம் உண்டு. ஆனால் அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியை இருவருமே தாண்டிப் போய்விடுகிறார்கள். பழைய வண்டியில் வெளிப் பாகம் மாட்டுவது சரியா தவறா என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவான வடிவமைப்பு இது. இந்திய ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததை அடுத்து, ரெடிச் நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டாக 1955-ல் என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கியது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1957-ல் பாகங்களைச் செய்யும் கருவிகளையே வாங்கிக்கொண்டார்கள். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி, சுமார் 18 குதிரைத்திறன். அகலத்தைவிட ஓட்டம் நீளமான சிலிண்டர் என்பதால் குறைந்த சுற்றிலேயே இழுவை வந்துவிடும். கனெக்டிங் ராடின் அடிமுனையில் ரோலர் பேரிங் கிடையாது. மிதக்கும் புஷ் ஒன்று எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழல்கிறது. சிலிண்டர் இரும்பு, அதற்குள் ஓடும் பிஸ்டன் அலுமினியம். இந்த விவரங்களை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வாதம் தானாகவே தீர்ந்துவிடும்.

முதலில் 'ஒரிஜினல்' தரப்பை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஒருமுறை வெட்டப்பட்ட சேசிஸ் திரும்ப ஒட்டாது. கம்பெனி பெயிண்ட்டும், டேங்க்கில் கையால் இழுத்த தங்கக் கோடும் ஒரு முறை போனால் போனதுதான். ஆனால் எந்த ஆண்டின் புல்லட் ஒரிஜினல் என்று கேட்டால் அவர்களிடம் தெளிவான பதில் கிடைப்பதில்லை. கார்ப்பரேட்டர் ஆமலிலிருந்து மிக்கார்புக்கு மாறியது. 6 வோல்ட் மின்சாரம் 12 வோல்ட்டானது. முன் பிரேக் மாறியது. நான்கு கியர் ஐந்தானது. இரண்டாயிரத்துக்குப் பின் வந்த எலெக்ட்ராவில் அதே இரும்பு எஞ்சினுக்குக் கம்பெனியே எலெக்ட்ரானிக் இக்னிஷன் கொடுத்தது. தன் தவறுகளைத் தானே திருத்திக்கொண்டே வந்த வண்டி இது. இன்னொன்றும் உண்டு. ரெடிச் ஆலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆகியும், அங்கே பிறந்த ஐம்பதுகளின் புல்லட்டுகள் பிரிட்டனில் ஓடுகின்றன என்றால் அதற்குச் சென்னையில் தொடர்ந்து உற்பத்தியான உதிரிப் பாகங்கள் பெரிய காரணம். தூய்மைவாதியின் கணக்கில் அந்த வண்டிகள் எல்லாம் கலப்படம் என்றாகிவிடும். அந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே எனக்குத் தேவையான அளவுகோல் வேறு. மாட்டப்போகும் பாகம், வயதான இந்த இயந்திரத்தின் எந்த உறுப்பிலிருந்தாவது பாரத்தை இறக்குகிறதா, அல்லது ஏதோ ஒன்றின்மீது புதிதாக ஏற்றுகிறதா? அடுத்து, ஒரு ஸ்பேனரையும் ஒரு மதியத்தையும் கொண்டு அதைப் பழையபடி கழற்றிவிட முடியுமா? அழகு, பெருமை, விலை எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

இந்த அளவுகோலில் முதலில் தோற்பது, எல்லோரும் முதலில் வாங்கும் பொருள்: சைலன்சர். தடுப்பு இல்லாத குழாயை மாட்டினால் புகை தடையின்றி வெளியேறும், பவர் கூடும் என்று விற்கிறார்கள். கூடவே பழைய ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்று வரும். உள்ளே போகும் காற்றும் வெளியே போகும் புகையும் சுலபமாகும்போது, பெட்ரோலும் அதே விகிதத்தில் கூடவேண்டும். மெயின் ஜெட்டை மாற்றி, நீடிலின் உயரத்தைச் சரிசெய்து, பிளக்கின் நிறம் பார்த்து ஓட்டிச் சோதிக்கவேண்டும். மாட்டுகிறவர்களில் மிகப் பலர் இதைச் செய்வதில்லை. கலவை மெலிகிறது, எஞ்சின் சூடேறுகிறது. இங்கேதான் இரும்பும் அலுமினியமும் கணக்கில் வருகின்றன. வெப்பத்தைக் கடத்துவதில் வார்ப்பிரும்பு அலுமினியத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு மந்தம். சூட்டில் விரிவதிலோ அலுமினிய பிஸ்டன் இரும்பு சிலிண்டரைவிட இரண்டு மடங்கு வேகம். இடைவெளி மறைந்ததும் பிஸ்டன் ஜாம். நெடுஞ்சாலையில் முழு த்ராட்டிலில் அது நடந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஓட்டுகிறவர் உயிரோடு இருப்பது அந்த நொடியில் கிளட்ச்சைப் பிடித்தாரா என்பதைப் பொறுத்தது.

சரி, ஜெட்டும் நீடிலும் ஒழுங்காக மாற்றியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கிடைப்பது என்ன? சின்ன வால்வுகள், தாழ்ந்த கம்ப்ரஷன், 24 மி.மீ. கார்ப்பரேட்டர். மூச்சு இங்கே அடைபட்டிருக்கும்போது சைலன்சரைத் திறந்து பெரிதாக எதுவும் வரப்போவதில்லை. மிஞ்சுவது சத்தம். 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு உற்பத்தி நிலையில் விதிக்கப்பட்ட ஒலி வரம்பு 80 டெசிபல். கூரைமேல் வெடி வெடிப்பதுபோல் அதிகாலையில் தெருவைக் கடக்கும் வண்டிகள் அந்த வரம்பை நெருங்கக்கூட முயல்வதில்லை. புல்லட்டின் புகழே அதன் ஒலிதான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் புகழ், கம்பெனி சைலன்சர் வழியே வந்த நிதானமான, விட்டுவிட்டு ஒலிக்கும் தாளத்துக்குக் கிடைத்தது. அதை அழித்துவிட்டு வருவது வேறு ஒலி. மாற்றுகிறவர் தன் வண்டியைத்தான் நேசிக்கிறார் என்பதை இந்த இடத்தில் நான் நம்புவதில்லை.

சைலன்சருக்கு அடுத்தபடியாக ஆசை காட்டுவது போர் கூட்டும் கிட். 500 சிசி எஞ்சினை 87 மி.மீ. பிஸ்டன் போட்டு 535 ஆக்குவது வெளிநாடுகளில் பரவலான வேலை. 350-ஐயும் அதேபோலப் பெருக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள். இதில் வேகத்தைவிடச் சுற்றைக் கவனிக்கவேண்டும். 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடினால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12 மீட்டர். 5500-ல் அது 16.5 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடியதற்கு, கனெக்டிங் ராடைப் பிடித்து இழுக்கும் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கனமான பெரிய பிஸ்டனும் அதோடு சேர்ந்தால் எல்லாப் பாரமும் கீழே அந்த மிதக்கும் புஷ்மேல் விழும். ரோலர் பேரிங், கூடுதல் எண்ணெய் தள்ளும் பம்பு, பேலன்ஸ் செய்த கிராங்க் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால் வேலை நிற்கும். பிரிட்டனில் அப்படிச் செய்து பந்தயமே ஓட்டுகிறார்கள், அந்தக் கைத்திறனுக்கு என் மரியாதை உண்டு. மேலே பெருக்கிவிட்டு கீழே பழையதை விட்டுவைப்பது மட்டும் குற்றம். செலவைக் கணக்குப் போட்டால், அந்த வேகம் வேண்டுபவர் வேறு வண்டி வாங்குவது மலிவு.

இதே தர்க்கத்தில் ஒரு எஞ்சின் மாற்றம் தேறுகிறது. இரும்பு லைனர் வைத்த அலுமினிய சிலிண்டர். போர் அதேதான், பவரும் அதேதான், சூடு மட்டும் வேகமாக வெளியேறும். பழைய சிலிண்டரை எண்ணெய் தடவி அலமாரியில் வைத்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பூட்டலாம். தூய்மைவாதிகளுக்கு இது அபசாரம். கம்பெனி தன் அடுத்த எஞ்சினுக்கு அலுமினியத்தைத்தான் தேர்ந்தெடுத்தது என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்.

பிரேக்குக்கு வருகிறேன். பழைய புல்லட்டில் பணம் செலவழிக்கத் தகுந்த முதல் இடம் இது, ஆனால் பெரும்பாலோர் கடைசியாகத்தான் வருகிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 90-ல் போகும் அதே வண்டியை நிறுத்த இரண்டேகால் மடங்கு ஆற்றலை உறிஞ்சவேண்டும். இந்த முன் டிரம் உருவான காலத்துச் சாலையும் நெரிசலும் வேறு. அதனுள் இரண்டு ஷூ இருந்தாலும் சக்கரம் சுழலும் திசையிலேயே இழுபட்டு டிரம்மை இறுகக் கவ்வுவது ஒன்றுதான். மற்றொன்று சுழற்சியால் தள்ளப்பட்டு பாதி வேலைதான் செய்யும். பின்னர் கம்பெனியே கொடுத்த இரட்டைக் கவ்வல் டிரம்மில் இரண்டு ஷூவும் திசையோடு வேலை செய்கின்றன. அந்த பிரேக் தட்டையும் டிரம்மையும் ஒரு செட்டாக எடுத்துப் பழைய வண்டியில் ஏற்ற முடியும். பார்வைக்கும் வண்டியின் காலத்தைவிட்டு விலகாது. கேபிள் இழுவையை இரண்டு கேமுக்கும் சமமாகச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

டிஸ்க் பிரேக் இன்னும் நன்றாக நிறுத்துமே என்றால், நிறுத்தும். ஆனால் பழைய ஃபோர்க்கில் ஒரு காலில் பிராக்கெட்டை வெல்டிங் வைத்து காலிப்பரைத் தொங்கவிடும் வேலையை நான் எதிர்க்கிறேன். அந்தக் கால் அப்படிப்பட்ட முறுக்கலுக்காகச் செய்யப்பட்டதல்ல, வெல்டிங் சூடு பட்ட இடம் எப்போது விடும் என்று யாரும் சொல்ல முடியாது. பின்னாளைய மாடலின் ஃபோர்க், ஹப், டிஸ்க் அனைத்தையும் முழுதாக மாற்றினால் ஆபத்து குறையும், வண்டியின் முன்பாதி மட்டும் வேறு காலத்துக்குப் போய்விடும். தினமும் அலுவலகம் போய்வரும் வண்டிக்கு அதை அனுமதிப்பேன்.

எலெக்ட்ரானிக் இக்னிஷனில் தயக்கமே வேண்டாம். பழைய வண்டியில் தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் பிளாட்டினம் பாயிண்ட்டின் இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மி.மீ. வரை நிற்கவேண்டும். தேயத்தேய அது நகரும், டைமிங்கும் சேர்ந்து நகரும். புது செட் அந்த நகர்வை ஒழித்துவிடுகிறது. இழப்பும் உண்டு: டீகம்ப்ரஷரைப் பிடித்துக் கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும் கணம் பார்த்து உதைக்கும் பழக்கம் இனி அதே வகையில் பலிக்காது, முள் பிளாட்டினத்தின் திறப்பைக் காட்டாது. இன்னொரு குறை, மாட்யூல் வழியில் செத்தால் உப்புத்தாள் தேய்த்து உயிர்ப்பிக்க முடியாது. கழற்றிய பிளாட்டினத் தட்டைக் கண்டென்சரோடு டூல் பாக்ஸில் போட்டு வைத்தால் சாலையோரத்திலேயே பழையபடி மாட்டிக்கொள்ளலாம்.

கியர் விஷயத்தில் நான் ஒரு பக்கமாக நிற்க முடியவில்லை. வலதுகாலில் ஒன்று மேலே, மூன்று கீழே என்று போகும் பழைய நான்கு கியர் பெட்டி மந்தமானது, நியூட்ரலுக்கென்று தனி லீவரே வைத்திருக்கிறது. அதன் சுவை அதில்தான். ஐந்து கியர், இடதுகால் பெட்டியைப் பழைய வண்டியில் பொருத்த முடியும். புல்லட் மட்டுமே ஓட்டுகிறவர் இதைச் செய்யவேண்டியதில்லை. காலையில் ஒரு ஸ்கூட்டர், மாலையில் ஒரு புது பைக், ஞாயிறன்று புல்லட் என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறவருக்கு, குறுக்கே ஒரு குழந்தை ஓடும்போது வலதுகால் எதை மிதிக்கும்? பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும் அந்த அரை நொடிக்காக, இடதுகால் மாற்றத்தை நியாயம் என்கிறேன்.

பின்பக்க சேசிஸை அறுத்து ஒற்றை சீட் வைப்பது, ஃபோர்க்கைச் சாய்த்து நீட்டுவது, அகலச் சக்கரத்துக்காக ஸ்விங் ஆர்மை வெட்டுவது ஆகியவை இரண்டு கேள்விகளிலும் தோற்கின்றன. சட்டமும் இங்கே கடுமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றம் 2019-ல் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்கிறது. மாற்றம் உயிரைக் காக்கிறதா, காதைக் கெடுக்கிறதா என்று சட்டத்தின் சொற்கள் கேட்பதில்லை. அது ஒரு குறைபாடு என்றே கருதுகிறேன், ஆனால் சட்டம் அப்படி இருக்கும்வரை வெல்டிங் கடைக்குப் போகுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

2021-ல் வந்த விதி இன்னொரு எல்லையைப் போட்டிருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, சேசிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டியைத்தான் விண்டேஜ் என்று பதிவு செய்ய முடியும். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டவும் முடியாது. எனவே எழுபதுகளின் நடுப்பகுதிக்கு முன் பிறந்து, இன்னும் கெடாமல் இருக்கும் புல்லட் கையில் இருந்தால் தூய்மைவாதி சொல்வதே சரி. அலுமினிய சிலிண்டர்கூட வேண்டாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆயிரக்கணக்கில் வந்து, இன்றும் பால் கேனும் குடும்பமும் சுமக்கும் வண்டிகளுக்கு அந்தப் புனிதம் பொருந்தாது.

வாங்கும் இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கிடைக்காத புல்லட் சாமான் அரிது, தரம்தான் கடைக்குக் கடை மாறும். பாகத்தைவிட அதைப் பூட்டும் போல்ட்டுதான் அதிகம் கெடுக்கிறது. இந்த வண்டியில் பழைய பிரிட்டிஷ் மரைகளும் மெட்ரிக் மரைகளும் கலந்து இருக்கின்றன. ஏறத்தாழப் பொருந்துகிறது என்று மெட்ரிக் போல்ட்டை அலுமினியக் கேஸில் திணித்தால் மரை உரிந்துவிடும், பிறகு லேத் பட்டறைதான். மரை அளவு கேட்டால் விழிக்கும் மெக்கானிக்கிடம் எந்த வெளிப் பாகத்தையும் கொடுக்காதீர்கள்.

வேறொருவர் மாற்றிக் கெடுத்த வண்டி கைக்கு வந்தால், முதலில் சேசிஸில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பெயிண்ட்டுக்கு அடியில் தேடிப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் கம்பெனி வகை சைலன்சரையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் திரும்பப் பூட்டி, ஜெட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகு முன் பிரேக், அடுத்து இக்னிஷன். சேசிஸ் அறுபட்டிருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சாலைக்காக வாங்கவேண்டாம், எஞ்சினுக்காக மட்டும் விலை பேசுங்கள்.