சுற்றிக்கொண்டே இருக்கும் ஃபிரேம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் இருந்த நெட்வொர்க்ஸ் லேப் பட்டியலில் ஏஆர்பி, டிஎன்எஸ், ரூட்டிங், சிஆர்சி என எல்லாவற்றுக்கும் சிமுலேஷன் உண்டு. சேலம், திருச்செங்கோடு பக்கத்து இணைப்புக் கல்லூரிகளின் ரெக்கார்டு நோட்டுகளிலும் இவைதான் நிறைந்திருந்தன. அந்த லேப் கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் ஸ்விட்ச் மட்டும் பட்டியலில் இல்லை.

எழுதிப் பார்க்க அதுதான் எளிது. பைத்தானில் ஒரு டிக்‌ஷனரி போதும். 1ஆம் போர்ட்டில் ஃபிரேம் வந்தால், அனுப்பியவரின் 48 பிட் மேக் முகவரிக்கு எதிரே 1 என்று பதிய வேண்டும். பெறுநரின் முகவரி அட்டவணையில் இருந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும். இல்லையென்றால் வந்த வழி தவிர எல்லாப் போர்ட்டுக்கும். ஒவ்வொரு ஃபிரேமுக்குப் பிறகும் அட்டவணையை அச்சிட்டால் ஸ்விட்ச் 'கற்றுக்கொள்வது' கண்ணெதிரே தெரியும். என்எஸ்-2வில் இந்தச் சுகம் இல்லை. அங்கே டிசிஎல் மொழியோடு மல்லுக்கட்டுவதிலேயே பாதி லேப் நேரம் போய்விடும்.

ஆனால் இந்த நிரலில் கடிகாரம் இல்லை. அசல் ஸ்விட்ச் பேசாமலிருக்கும் முகவரியை வழக்கமாக 300 விநாடியில் மறந்துவிடும். டிக்‌ஷனரி மறப்பதே இல்லை. வேகமும் தெரியாது. ஒரு கிகாபிட் போர்ட்டில் மிகச் சிறிய, 64 பைட் ஃபிரேம்கள் விநாடிக்கு ஏறத்தாழ 14.88 லட்சம் வரை வரலாம்.

பெரிய குறை வேறு. இரண்டு ஸ்விட்சுகளை இரண்டு கேபிள்களால் இணைத்து ஒரு பிராட்காஸ்ட் அனுப்பினால், ஃபங்ஷன் தன்னையே அழைத்து அழைத்து, பைத்தானின் இயல்பு வரம்பான 1000ஐத் தொட்டதும் ரிகர்ஷன் எரரோடு விழும். உடனே கைக்கு வரும் வைத்தியம், பார்த்த ஃபிரேமைக் குறித்துவைத்து மறுபடி வந்தால் தள்ளிவிடுவது. அவுட்புட் அழகாக வரும், மதிப்பெண்ணும் விழும். பாடம் மட்டும் பொய். சாதாரண ஸ்விட்சுக்கு அப்படிப்பட்ட ஞாபகம் கிடையாது. ஐபி பாக்கெட்டில் இருப்பதுபோல ஆயுளைக் குறைக்கும் எண்ணும் ஈதர்நெட் தலைப்பில் கிடையாது. கேபிளைப் பிடுங்கும்வரை ஃபிரேம் சுற்றும். 1985இல் ராடியா பெர்ல்மன் ஸ்பேனிங் ட்ரீயை வகுத்தது இதற்காகத்தான். அந்த எரரைத் திருத்தாமல் விட்டிருந்தால், மாணவர் அவருடைய கேள்விக்கே வந்து சேர்ந்திருப்பார்.

லினக்ஸ் லேப்டாப்பில் மினிநெட் இருந்தால் உண்மையான ஓப்பன் விஸ்விட்சையே வளையமாகக் கட்டிப் பார்க்கலாம். பழைய ஸ்பேனிங் ட்ரீயை இயக்கினால் போர்ட் திறக்க 15, 15 என 30 விநாடி ஆகும். அதுவரை பிங் பதில் வராது. ஏன் இந்தக் காத்திருப்பு என்பது வைவாவில் கேட்கத் தகுந்த கேள்வி.