கடப்பிதழின் ஒரு வரியும் தோட்டத்து நாவல்களும்

மலேசியக் கடப்பிதழில், இஸ்ரேல் நீங்கலாக ஏனைய நாடுகள் அனைத்துக்கும் அது செல்லுபடியாகும் என்னும் குறிப்பு உள்ளது. முன்னர் இவ்விலக்கில் தென்னாப்பிரிக்காவும் இடம்பெற்றிருந்தது. வடகொரியப் பயணம் 2017-இல் தடைசெய்யப்பட்டது. எருசலேம் செல்ல விழையும் கிறித்தவர்க்கு மட்டும் தனி அனுமதி உண்டு. அதன் கட்டுப்பாடுகள் 2013-இல் தளர்த்தப்பட்டன.

வட சிலாங்கூரை வைத்து நோக்கும்போது சீனத்துக்கு இருந்த தடையே பெரிதும் சிந்திக்கத்தக்கது. 1974-இல் தூதரக உறவு மலர்ந்த பின்னும், 1990 வரை சீனம் செல்ல அரசின் தனி இசைவு வேண்டியிருந்தது. ராசா, கலும்பாங் வட்டாரத்துச் சீன முதியவர் தம் மூதாதையர் ஊரைக் காண இவ்விசைவுக்குக் காத்திருக்க நேர்ந்த காலத்தில், அண்டைத் தோட்டத்துத் தமிழர்க்கு 'ரஜூலா'வும் பின்னர் 'சிதம்பரம்' கப்பலும் தமிழகத்துக்கு வழி திறந்திருந்தன. ஒரே பால்மரக் காட்டில் வாழ்ந்த இரு சமூகங்களுள் ஒன்றின் தாய்நாடு பகைநாடாயிற்று, மற்றொன்றினது ஆகவில்லை. இவ்வேறுபாட்டை நம் திறனாய்வு போதிய அளவு கருதவில்லை என்பதே என் குறை. புலம்பெயர்வைத் துயரமாக மட்டும் படித்துப் பழகிவிட்டோம்.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களைப் போர்க்காலக் கொடுமையின் பதிவு என்று பாராட்டுவது எளிது. ஆயின் அவை காட்டும் எல்லைகடப்பு எத்தகையது? தோட்டத்து மக்கள் தம் விருப்பத்தின் பேரிலன்றி அயல்மண்ணுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எவரும் அவர்களிடம் கடப்பிதழ் கேட்கவில்லை. அவர்கள் உழைப்பு வேண்டப்பட்டபோது எல்லை மறைந்தது. 1969-இல் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதே எல்லை தோட்டத்து லயத்தின் வாசலிலேயே வந்து நின்றது. குடியுரிமையற்ற தமிழர் பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்துப் படித்தாலன்றி அந்நாவல்களின் முழுப்பொருள் புலப்படாது.

சட்டத்தின் நிலையையும் ஈண்டுச் சுட்டுதல் தகும். இந்திய உச்சநீதிமன்றம் 1978-இல் மேனகா காந்தி வழக்கில் அயல்நாட்டுப் பயணத்தைத் தனிமனித உரிமையின் கூறாக உறுதிப்படுத்தியது. மறு ஆண்டே மலேசியக் கூட்டரசு நீதிமன்றம், லோ வாய் கோங் வழக்கில், கடப்பிதழ் பெறுதல் உரிமையன்று, அரசு அளிக்கும் சலுகையே என்றது. ஒரே ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து கிளைத்த இரு நாடுகள் இவ்வாறு பிரிந்தது வியப்பளிக்கிறது.

சலுகை என்றாலும் அது குடிமகனுக்கே உரியது. கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை (இன்று பெஸ்தாரி ஜெயா) தோட்டங்களில் விடுதலைக்கு முன் பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையுடனேயே முதுமை எய்தியவருக்கு மலேசியக் கடப்பிதழே இல்லை. எந்நாடு நட்பு, எந்நாடு பகை என்று அரசு வரையும் பட்டியல் அவர்களை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. சிவப்பு அட்டையை நாயகனாகக் கொண்ட நாவல் ஒன்றையே இனி நம் மாணவர் தேட வேண்டும். அல்லது எழுத வேண்டும்.