மூன்று வசனம் தள்ளி ஒரு கட்டளை

ஹிஞ்சேவாடி ஐடி பார்க்கில் வேலை பார்க்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களில் பலர் நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டச் சபைகளில் வளர்ந்தவர்கள். ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், விடுமுறை வேதாகமப் பள்ளி என்று நீண்ட பயிற்சியோடு புனே வந்து சேர்கிறார்கள். வாக்கட்டில் ஒரு ஃபிளாட், வாரத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம், ஞாயிறு ஆராதனை என்று வாழ்க்கை அமைகிறது. திங்கட்கிழமை காலை லாகின் செய்த பிறகு அந்த விசுவாசம் எதை மாற்ற வேண்டும்? சபைகளில் இதற்கு மூன்று பதில்கள் புழங்குகின்றன. மூன்றிலும் உண்மை உண்டு, ஆனால் மூன்றும் சம எடை அல்ல.

எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். அதை வேதத்திலிருந்தே எடுக்கலாம். ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடச் சொல்கிறது உபாகமம் 24ஆம் அதிகாரம். அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கடவுளிடம் முறையிடுகிறது என்கிறது யாக்கோபின் நிருபம். ஒருவனுடைய கைக்குக் கீழே இருப்பவர்கள் அவனிடமிருந்து என்ன பெறுகிறார்கள் என்பதை வைத்தே இரண்டு நூல்களும் அவனை அளக்கின்றன. நாமும் அப்படியே அளப்போம்.

முதல் பதில், சாட்சியுள்ள ஜீவியம். குடி கூடாது, புகை கூடாது, தசமபாகம் தவறக் கூடாது, உபவாச ஜெபம் வேண்டும். இதை எள்ளி நகையாடுபவர்கள் குடியால் சிதைந்த வீடு ஒன்றைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்கள். தென்மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கட்டுப்பாட்டால்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்துத் தலைநிமிர்ந்தன. இல்லாத அனுபவத்தை ரெஸ்யூமேயில் எழுதாமலும், செய்யாத மணிநேரத்தை டைம்ஷீட்டில் போடாமலும் இருப்பதற்கு இன்றைக்கும் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை இந்தப் பயிற்சி தருகிறது.

ஆனாலும் இந்தப் பட்டியல் விசுவாசியின் சொந்த உடலோடும் சொந்தக் கணக்கோடும் நின்றுவிடுகிறது. புதினாவிலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களை இயேசு கண்டித்ததை மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தமிழ்ச் சபைகளில் விட்டுப்போனவற்றில் முதலாவது சாதி. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது தஞ்சைச் சபையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. இன்றும் நாம் பாடும் பாடல்களை இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியாரே எதிர்ப்பாளர்களில் ஒருவர். அவருடைய பக்தியில் யாரும் குறை சொல்ல முடியாது. அவ்வளவு பக்தியும் அந்த ஒரு வாசலைத் தாண்டவில்லை. இன்றைய மணமகள் தேவை விளம்பரங்களில் சிஎஸ்ஐ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் வருகிறது. முதல் பதில் அவசியமானது, ஆனால் போதாது.

இரண்டாம் பதில், வேலையே ஆராதனை. எதைச் செய்தாலும் ஆண்டவருக்கென்று மனப்பூர்வமாகச் செய்யுங்கள் என்ற கருத்துள்ள கொலோசெயர் 3:23 இவர்களுடைய அடிப்படை. எளிய வேலைக்கும் மதிப்புத் தந்தது இந்தப் பதிலின் பெருமை. சீர்திருத்தச் சபைகளின் இந்த உழைப்பு மனப்பான்மை முதலாளித்துவத்தின் வளர்ச்சிக்கு எப்படித் துணைபோனது என்று 1904–05-ல் மாக்ஸ் வேபர் ஆராய்ந்தார். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. இளைஞர்கள் வாரம் 70 மணிநேரம் உழைக்க வேண்டும் என்று 2023-ல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் வருந்தியது 2025 ஜனவரியில் வெளியே வந்தது. எந்தக் கேள்வியும் கேட்காத உழைப்பைப் புனிதமாக்கும் இறையியலிடம் இந்தக் குரல்களுக்கு மறுமொழி கிடையாது.

வேதத்திடம் மறுமொழி இருக்கிறது. கொலோசெயர் 3:23 அடிமைகளை நோக்கிச் சொல்லப்பட்டது. அதிலிருந்து மூன்று வசனம் தள்ளி எஜமான்களுக்கு ஒரு கட்டளை வருகிறது: வேலைக்காரருக்கு நீதியும் ஒப்புரவுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் மேலே ஓர் எஜமான் இருக்கிறார் என்று. நம் வேதாகமத்தில் அது நாலாம் அதிகாரத்தின் முதல் வசனம். பவுலின் கடிதத்தில் அதிகாரப் பிரிவே கிடையாது; இன்று வழங்கும் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. அதிகார முடிவோடு வாசிப்பை நிறுத்தியவர்கள் வேலைக்காரனின் கடமையை மட்டும் மனப்பாடம் செய்தார்கள். ஓய்வுநாள் கட்டளையும் அப்படியே. உபாகமம் 5-ல் அது வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும் என்று காரணம் சொல்கிறது. ஆராதனை முடிந்து வீடு திரும்பும் குடும்பத்துக்காக ஞாயிறன்றும் வீட்டுவேலை செய்யும் மாவ்ஷி பாத்திரம் தேய்க்க வந்தால், அந்தக் கட்டளையில் பாதிதான் அந்த வீட்டில் கைக்கொள்ளப்படுகிறது.

மூன்றாம் பதில், துறவு. ஜாக் வின்ஸ்லோ 1922-ல் தொடங்கிய கிறிஸ்த சேவா சங்கம் பின்னர் புனேயில் ஆசிரமம் அமைத்தது. தமிழ்நாட்டில் அதற்கும் ஓராண்டு முன்னதாகவே சவரிராயன் ஏசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார்கள். கதராடையும் எளிய உணவும் கொண்ட அந்த வாழ்வு சபையின் மனசாட்சியாக நின்றது. ஆனால் வீட்டுக்கடனும் வயதான பெற்றோரும் உள்ளவருக்கு அது அன்றாட வழி ஆகாது. அதை வியந்து போற்றுவதோடு நின்றால், விசுவாசம் சிலருக்கான தொழில் என்ற எண்ணமே வளரும்.

இந்த மூன்றையும் தாண்டிய ஒரு வாழ்வு புனே மண்ணிலேயே வாழப்பட்டது. பண்டித ரமாபாய் 1858-ல் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். 1880-ல் சாதி கடந்து மணந்தார். அப்போது அவர் கிறிஸ்தவர் அல்ல என்பதை நம் மணமகள் தேவை விளம்பரங்களோடு சேர்த்து யோசிக்க வேண்டும். 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1889-ல் விதவைகளுக்காகப் பம்பாயில் சாரதா சதன் தொடங்கி, அடுத்த ஆண்டு அதைப் புனேவுக்குக் கொண்டுவந்தார். 1896–97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களுக்குப் போய் அநாதைப் பெண்களை அழைத்துவந்து, சோலாப்பூர் ரயில் பாதையிலுள்ள கேட்காவில் முக்தி என்ற இல்லத்தை நிறுவினார். அந்தப் பெண்கள் நெசவு, விவசாயம், அச்சுத்தொழில் கற்றார்கள். ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் படித்து மராத்தியில் பெயர்த்த வேதாகமத்துக்கு எழுத்துக் கோத்தவர்களும் அவர்களே. 1905-ல் புகழ்பெற்ற எழுப்புதல் நடந்ததும் அதே வளாகத்தில்தான். ஜெபத்தையும் கூலியையும் இரண்டு கணக்குகளாகப் பிரிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

அதே அளவுகோல் ரமாபாயையும் அளக்க வேண்டும். சாரதா சதன் மத நடுநிலையை வாக்களித்துத் திறந்த இல்லம். அவருடைய ஜெபத்தில் மாணவிகள் கலந்துகொள்வது பற்றிய சர்ச்சை 1893-ல் வெடித்தது. சீர்திருத்தவாதிகளான ரானடேயும் பண்டார்க்கரும் அந்த இல்லத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பல பெண்களை வீட்டார் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பது ரமாபாய் தரப்பு. அதை நம்பலாம். ஆனால் உணவுக்கும் உறைவிடத்துக்கும் ஒருவரை நம்பியிருக்கும் சிறுமியின் சம்மதத்தை எளிதில் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தன் விசுவாசத்தில் பிறர் ஆதிக்கம் கூடாது என்று ஆங்கிலத் திருச்சபையாரோடு கடிதங்களில் வாதாடிய ரமாபாயே இதை எவரினும் நன்றாக அறிந்தவர். அப்ரைசல் எழுதும் அதிகாரம் கையில் இருக்கும் மேனேஜர், தன் டீமைச் சேர்ந்தவரை ஜெபக்கூட்டத்துக்கு அழைக்குமுன் இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும்.

இரண்டு மறுப்புகள் எழும். இது கிரியையினால் வரும் இரட்சிப்பு அல்லவா என்பது ஒன்று. இரட்சிப்பைச் சம்பாதிப்பது பற்றி இங்கே பேச்சே இல்லை. சகேயு தான் ஏமாற்றியவர்களுக்கு நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்ன இடத்தில்தான், அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததை இயேசு அறிவித்தார் என்று லூக்கா எழுதுகிறார். வாழ்வில் தெரியாத இரட்சிப்பு அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மற்றது, ஹவுஸ்கீப்பிங்குக்கும் செக்யூரிட்டிக்கும் சம்பளத்தைக் கான்ட்ராக்டர்தான் முடிவு செய்கிறார், நான் என்ன செய்ய முடியும் என்பது. கேள்வி நியாயமானது. கையில் இல்லாததற்கு யாரும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் வேலை செய்பவரின் சம்பளமும் வாராந்திர விடுமுறையும் நம் கையில் இருக்கின்றன. ஜூனியரின் சனி, ஞாயிறு டீம் லீட் கையில் இருக்கிறது. சொசைட்டிக் கூட்டத்தில் வாட்ச்மேனின் எட்டு மணிநேரத்துக்காகப் பேசும் வாயும், மகளின் திருமணத்தில் சாதி கேட்காத வாயும் நம்முடையவையே.

என் தீர்ப்பு இதுதான். தனிமனிதத் தூய்மை அடித்தளம். அதில்லாமல் மற்றவை நிற்காது. உழைப்பை ஆராதனையாக எண்ணுவது சரி, கொலோசெயர் நாலாம் அதிகாரத்தோடு சேர்த்து வாசிக்கும்வரை. துறவு சிலருக்கான அழைப்பு. எல்லாருக்குமான கடமையோ கையிலுள்ள அதிகாரத்தைக் கைக்குக் கீழே உள்ளவருக்கு நீதியாகச் செலவிடுவது. ஆகவே சபைகள் அங்கத்தினரிடம் தசமபாகத்தைப் பற்றிக் கேட்கும் அதே தெளிவோடு, வேலைக்காரருக்குத் தரும் கூலியையும் ஓய்வையும் பற்றிக் கேட்க வேண்டும். திருமணத்துக்குச் சாதி பார்ப்பதைக் குடியைக் கண்டிக்கும் அதே குரலில் பிரசங்க பீடத்திலிருந்து கண்டிக்க வேண்டும். அதைச் செய்யாத சபை எத்தனை உபவாசக் கூட்டம் நடத்தினாலும் திங்கட்கிழமைக்கு அதனிடம் பதில் இருக்காது.