குறைந்தளவு உயவிடல்: சென்னை ஆய்வும் மதுரைப் பட்டறைகளும்

உலோகத்தைக் கடையும்போது கூலண்டை நிமிடத்துக்குப் பல லிட்டர் ஊற்றாமல், உளி முனைக்கு மிகச் சிறிதளவு எண்ணெயை மட்டும் செலுத்துவது குறைந்தளவு உயவிடல் எனப்படுகிறது. இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் இந்திய ஆய்வு, சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ. எஸ். வரதராஜன், பி. கே. பிலிப், பி. ராமமூர்த்தி ஆகியோர் 2002இல் வெளியிட்டது. கடினப்படுத்திய எஃகைக் கடைய நிமிடத்துக்கு 2 மி.லி. திரவமே போதும் என்றும், உலர் கடைசல், ஈரக் கடைசல் இரண்டையும்விட அது மேம்பட்டது என்றும் அவர்கள் காட்டினர்.

அதன் அடிப்படைக் கருத்து வலுவானது. கொட்டும் கூலண்டின் பெரும்பகுதி சுருளின் மேல் விழுந்து வழிந்துவிடும். சுருளும் உளியும் உரசும் இடத்துக்குள் எளிதில் புகாது. வேகமான மெல்லிய தாரை அங்கே எட்டுகிறது.

ஆயினும் அம்முடிவுகள் தாராளமாகக் கடன் வாங்கப்படுகின்றன. ஆய்வில் பயன்பட்டது உயர் அழுத்தத்தில் விட்டுவிட்டுப் பாயும் திரவத் தாரை. அழுத்தக் காற்று அதில் இல்லை. சந்தையில் கிடைக்கும் கருவிகள் பெரும்பாலும் காற்றில் எண்ணெயைக் கலந்து பனிபோல் தெளிப்பவை. ஒன்றின் வெற்றி மற்றொன்றுக்குச் சான்றாகாது. மேலும், வெட்டு விசை, வெப்பம், உளியின் ஆயுள், பரப்பின் வழவழப்பு என ஒப்பிடப்பட்டவை யாவும் உளியையும் உலோகத்தையும் பற்றியவை. இயந்திரத்தின் முன் நிற்பவரின் மூச்சு அந்தப் பட்டியலில் இல்லை.

மதுரையின் கே. புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளில் உள்ளவை போன்ற சிறு பட்டறைகளுக்கு இதுவே முதன்மையான கேள்வி. கூலண்டில் கை நனைவது குறைந்தால் தோல் அழற்சியும் குறையும்; ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் கூலண்ட் பிரிந்து கெடும் தொல்லையும் இராது. ஆனால் மூடியில்லாத லேத்தில் எண்ணெய்ப் பனி டர்னரின் முகத்துக்கே வருகிறது. இத்தகைய திரவத் துகள்களுக்கு அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1998இல் பரிந்துரைத்த வரம்பு, கன மீட்டர் காற்றில் மொத்தமாக 0.5 மி.கி. அதை அளக்கும் கருவி எத்தனை பட்டறைகளில் இருக்கும்?

செலவுக் கணக்கும் அப்படித்தான். கூலண்டுக்கு உற்பத்திச் செலவில் 7 முதல் 17 விழுக்காடு போகிறது என்ற எண் ஜெர்மன் கார் ஆலைகளிலிருந்து வந்தது. ஜாப் வொர்க் செய்யும் பட்டறையில் வேலைக்கு வேலை உளி மாறும். ஒவ்வொரு முறையும் குழல்முனையைத் திருப்பிக் குறிவைக்க வேண்டும், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. ஆழமான துளையிடலில் சுருளை வெளியே தள்ளவே திரவம் தேவைப்படுகிறது. ஒரே உருப்படியை ஆயிரக்கணக்கில் கடையும் மூடிய சி.என்.சி. இயந்திரத்தில்தான் இம்முறையை முதலில் சோதிக்க வேண்டும்.