கேபிள் துளைக்கு எது அடைப்பு?

ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருபவர் பெரும்பாலும் அறைக்குள் நின்றபடியே சுவரைத் துளைக்கிறார். உள்பக்கம் துளை கச்சிதமாக விழுகிறது. டிரில் பிட் வெளியே தலைநீட்டும் இடத்திலோ பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்துவிடுகிறது. கேபிளின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். வெளிச்சுவரில் மிஞ்சும் பள்ளம் அதைப்போலப் பல மடங்கு. ஏசி பொருத்தினால் சுமார் இரண்டரை அங்குலத் துளை. எதை வைத்து அடைப்பது என்று ஹார்டுவேர் கடையில் கேட்டால் சிமெண்ட், எம்-சீல், ஃபோம், சிலிகான் என்று நான்கு பதில்கள் வரும். நான்கையும் தரம் பார்க்க மூன்று கேள்விகள் போதும்: தண்ணீர் நிற்குமா? எலியும் எறும்பும் நிற்குமா? நாளை கேபிளை மாற்ற வேண்டுமென்றால் கழற்ற முடியுமா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

சிமெண்டை எலியால் கடிக்க முடியாது, வெயில் ஒன்றும் செய்யாது. ஆனால் அது காயும்போது சுருங்கும். கேபிளின் வழவழப்பான பிவிசி தோலோடு ஒட்டாது. காற்றில் கேபிள் ஆட ஆட, அதைச் சுற்றி மயிரிழை விரிசல் விழும். மழைநீருக்கு அந்த விரிசல் போதும். பெயர்ந்த பூச்சைச் சரிசெய்ய அதுவே சரியான பொருள். கேபிளைத் தொட்டுக்கொண்டு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எம்-சீல் போன்ற எபாக்ஸிகள் நன்றாக ஒட்டும், ஆனால் கல்லாக இறுகும். குழாய்க் கசிவுக்கு அது பலம். இங்கே கேபிளை வெட்டாமல் வெளியே எடுக்க முடியாது.

ஃபோமைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பார்த்தவுடன் மயக்குவது அதுதான். டப்பாவை அழுத்தினால் நொடியில் பொங்கி இடுக்கெல்லாம் நிரம்பும், வேலை முடிந்த திருப்தி வரும். நம் ஊர் வெயிலில் அது மஞ்சளாகி, பழுப்பாகி, உதிரத் தொடங்கும். எலிக்கு அது தடையே இல்லை. எறும்புகள் அதைக் குடைந்து குடியேறும். பிதுங்கியதைக் கத்தியால் சீவிவிட்டால், வெட்டுண்ட பரப்பு நீரை வாங்கிக்கொள்ளும். அது எரியும் பொருளும்கூட. மின்கம்பியைச் சுற்றி அடைத்தால் கம்பியின் சூட்டையும் வெளியேற விடாது. சுவருக்குள் பெரிய வெற்றிடத்தை நிரப்பி, மேலே பூச்சு பூசி மறைப்பதானால் சரி. வெளிச்சுவரின் கடைசி அடுக்காக அதற்கு இடமில்லை.

நான்கில் சிலிகானே மேல். வளையும், வெயிலைத் தாங்கும், பிளேடால் கீறி எடுத்துவிடலாம். ஆனால் புளித்த காடி வாடை அடிக்கும் மலிவு வகை வேண்டாம். உலரும்போது அதிலிருந்து வரும் அசெட்டிக் அமிலம் செம்பை அரிக்கும், சிமெண்ட் பரப்பிலும் சரியாகப் பிடிக்காது. ‘நியூட்ரல்’ என்று போட்டிருப்பதை வாங்க வேண்டும். சிலிகான் காற்றின் ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுவது. ஆழமான பள்ளத்தில் உருண்டையாகத் திணித்தால் உள்ளே பசையாகவே கிடக்கும். நவம்பர் மழைக்கு நடுவில் ஈரச் சுவரில் பூசுவதும் வீண். சுண்டெலிக்கு 6 மி.மீ. இடைவெளியே போதும், சிலிகானை அது கடித்தும்விடும். ஆகவே பின்னால் வலை வேண்டும். இரும்புப் பஞ்சு துருப்பிடிக்கும், கடற்கரை ஊர்களில் இன்னும் வேகமாக. துருப்பிடிக்காத எஃகு வலையே தேவை.

இவ்வளவு தராசு பிடித்த பிறகும் முக்கியமான விஷயம் பசையில் இல்லை. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் கேபிள் நேராகத் துளைக்குள் நுழைந்தால், மழைநீர் அதன்மேலேயே ஒட்டிக்கொண்டு வழிந்து வரும். துளையும் உள்நோக்கிச் சரிந்திருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சிலிகானும் முதல் விரிசல்வரைதான். மாறாக, நுழையும் முன் கேபிள் துளைக்குக் கீழே ஒரு சுற்று தொங்கி மேலேறட்டும். நீர் அந்த அடிவளைவிலேயே சொட்டிவிடும். துளை வெளியே சரிந்திருந்தால் அடைப்பு தோற்றாலும் வீடு நனையாது. வடகிழக்குப் பருவமழையின் சாரலை வாங்கும் கிழக்கு, வடக்குச் சுவர்களில் இந்த வித்தியாசம் ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். மழை வந்தாலே ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இந்தத் துளையும் ஒன்று.

ஆகவே என் தீர்ப்பு பிவிசி குழாய்க்கு. வெளிநோக்கிச் சரித்து ஒரு துண்டுக் குழாயைச் சுவரில் பதித்து, அதைச் சுற்றிச் சிமெண்ட் பூசி, சேருமிடத்தில் சிலிகான் கோடு இழுக்க வேண்டும். வெளிமுனையில் தரையைப் பார்த்தபடி ஒரு பெண்ட், அதன் வாயில் வலை. உள்முனையில் இறுகாத புட்டி. சிமெண்ட் சுவரைப் பிடிக்கிறது, கேபிள் சுதந்திரமாக இருக்கிறது. பெண்டின் வளைவு அகலமாக இருக்கட்டும். பழைய ரக ஃபைபர் 30 மி.மீ. ஆரத்துக்குக் குறைவான வளைவைத் தாங்காது, வீட்டு இணைப்புக்கான புதிய ரகங்கள் 10 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக வளையும். கேபிள் ஏற்கெனவே உள்ளே போயிருந்தால், குழாயை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்துப் பிளந்து மாட்டிவிடலாம்.

ஒற்றை கேபிளுக்கு இது அதிகப்படி என்பார்கள். வாடகை வீட்டில் ஒப்புக்கொள்கிறேன். அங்கே சொட்டுவளைவும் நியூட்ரல் சிலிகானும் போதும். ஏசிக் குழாய்க் கட்டை பெண்டுக்குள் மடக்க முடியாது. ஏசியோடு வரும் புட்டியையே வைக்கலாம். மேற்கு வெயிலில் அது இளகித் தொங்கும் என்பதால் மேலே பிளாஸ்டிக் மூடி அவசியம்.

உள்நோக்கிச் சரிந்த பழைய துளைக்கு மட்டும் எந்தப் பொருளையும் பரிந்துரைக்க மாட்டேன். கேபிளை உருவி, துளையைச் சிமெண்ட் கலவையால் முழுதாக மூடிவிட்டு, ஒரு முழம் தள்ளி, இந்தமுறை வெளியே நின்று மேல்நோக்கித் துளைக்கச் சொல்ல வேண்டும்.