தோலில் ஏறும் படிமம்

படிமம் என்றால் மனக்கண்ணில் தெரியும் சித்திரம் என்றே எம்.ஏ. வகுப்பில் பாடம் நடந்தது. தலித் எழுத்தில் படிமமே இல்லை, வெறும் புலம்பல் என்கிற பண்டிதர்களும் அந்தக் கண்ணை வைத்துத்தான் தேடுகிறார்கள். 1992இல் பாமா தன் நூலுக்குக் 'கருக்கு' என்று பேர் வைத்தார். பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற ரம்பப் பல். விறகு பொறுக்கப் போய் அதில் கிழிபட்டதை முன்னுரையிலேயே சொல்கிறார்.

கடமலைக்குண்டில் விறகுக்குப் போய்வந்த எங்கள் தெருப் பெண்களிடம் இந்தப் பேரைச் சொன்னேன். ஒரு அக்காவின் கை தானாக முழங்கைக்குப் போனது. சொல் கண்ணுக்கு வரும் முன்பே தோலுக்கு வந்துவிட்டது. உவமையா உருவகமா என்ற விசாரணை (நமக்கு அதில்தான் மதிப்பெண்) அங்கே எழவேயில்லை. கருக்கு திருப்பி அறுக்கவும் செய்யும் என்று நான் அரசியல் விளக்கப் போக, அக்கா மறித்தது: "அது தெரியாமலா தம்பி? எந்தப் பக்கம் பிடிக்கணும்னு அந்தப் பிள்ளை எழுதியிருக்கா?"