அணைத்துவிடக்கூடிய தவறுகள்

அந்தக் கையடக்க விளையாட்டுக் கருவியை நான் வாங்கவில்லை. விடுதியில் தங்கிப் படிக்கப் போன மகன் இழுப்பறையில் விட்டுப்போனது. நின்டெண்டோ ஸ்விட்ச். அவன் ஒருமுறை திறந்துபார்த்துவிட்டு அலுத்துப்போன ஒரு விளையாட்டு அதற்குள் இருந்தது: பிக்ராஸ். எண்களை வைத்துக் கட்டங்களை நிரப்பிப் படம் கண்டுபிடிக்கும் புதிர். இரண்டு வருடங்களாக, அடுப்படியைத் துடைத்து, மறுநாள் வகுப்புக்கான குறிப்புகளை எடுத்துவைத்த பிறகு, அரை மணி நேரம் அதை விளையாடுகிறேன்.

ஆரம்பத்தில் ஒருநாள், பாதித் தூக்கத்தில் விழித்த கணவர், "இன்னும் தூங்காம என்ன பண்ற?" என்று கேட்டார். "பேப்பர் திருத்துறேன்" என்றேன். யோசிக்காமலே வந்த பொய். அவர் திட்டக்கூடியவர் அல்ல; விளையாடுகிறேன் என்று சொல்லியிருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். கவிதை எழுதுகிறேன் என்றால் எனக்குக் கூச்சமில்லை. விடைத்தாள் திருத்துகிறேன் என்றால் ஒருவகைப் பெருமைகூட உண்டு. விளையாடுகிறேன் என்று மட்டும் ஏன் சொல்ல வரவில்லை? இந்தக் கேள்வியோடுதான் இந்த விளையாட்டை ஒரு பிரதியைப் படிப்பதுபோல் படிக்கத் தொடங்கினேன்.

விதி எளிது. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில், ஒவ்வொரு நெடுக்கைக்கும் மேலே எண்கள் இருக்கும். எத்தனை கட்டங்கள் தொடர்ச்சியாக நிரம்பவேண்டும் என்பதை அவை சொல்லும். எங்கே என்பதைச் சொல்லாது. பத்துக் கட்ட வரிசையில் 8 என்று இருந்தால், அந்த எட்டு இடது ஓரத்தில் தொடங்கினாலும் வலது ஓரத்தில் முடிந்தாலும் நடுவில் உள்ள ஆறு கட்டங்கள் நிரம்பியே தீரும். 6 என்றால் நடுவில் இரண்டு மட்டும் உறுதி. 5 என்றால் எதுவுமே உறுதியில்லை, காத்திருக்கவேண்டும். வேறொரு நெடுக்கையிலிருந்து துப்பு வரும்.

நிரப்புவதைவிட நான் அதிகம் செய்வது பெருக்கல் குறி போடுவது. இந்தக் கட்டம் கட்டாயம் காலி என்பதற்கான அடையாளம் அது. படம் முடிந்ததும் குறிகள் மறைந்துவிடும், நிரம்பிய கட்டங்களே படமாக நிற்கும். ஆனால் அந்தக் குறிகள் இல்லாமல் படம் வந்திருக்காது. எது இல்லை என்று அறிவதும் அறிவுதான் என்பதைச் சங்க இலக்கிய வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். விரல் நுனியில் அது புரிந்தது இங்கேதான்.

தோழி ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு, "டிஜிட்டல் கோலம்" என்றாள். புள்ளியும் கட்டமும் அப்படி நினைக்கவைக்கலாம். ஆனால் கோலம் வாசலில் இருப்பது. போடாவிட்டால் தெரு கேட்கும். கோணலானால் மாமியார் சொல்வார். இந்தப் புதிரை நான் முடித்தேனா, பாதியில் விட்டேனா என்று கேட்க யாருமில்லை. இரண்டையும் ஒன்றாக்குவது, பெண் எதைச் செய்தாலும் அதில் வீட்டு வேலையின் சாயலைத் தேடும் பழக்கம்.

இந்தப் புதிரின் தொடக்கத்தில் ஒரு பெண் இருக்கிறார். 1987இல் டோக்கியோவில் நடந்த ஒரு போட்டியில், வானளாவிய கட்டடத்தின் சன்னல் விளக்குகளில் சிலவற்றை எரியவிட்டு, சிலவற்றை அணைத்து, கட்டடத்தையே படமாக்கும் வடிவமைப்புக்குப் பரிசு கிடைத்தது. வடிவமைத்தவர் நோன் இஷிதா. அதையே அவர் காகிதப் புதிராக்கி மறுவருடம் வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் டெட்சுயா நிஷியோ என்ற புதிர் ஆசிரியரும் இதே வகைப் புதிரைத் தனியாக உருவாக்கினார். 1990இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் டால்கெட்டி இதற்கு 'நோனோகிராம்' என்று பெயர் வைத்தார். நோன் என்ற பெயரிலிருந்து வந்தது. சண்டே டெலிகிராப் இதழின் வழியாக அது வாராவாரம் வாசகர்களைச் சென்றடைந்தது. 1998இல் அதே இதழ் வாசகர்களுக்குப் போட்டி வைத்துப் பெயரைக் 'கிரிட்லர்ஸ்' என்று மாற்றியது. 1995இல் நின்டெண்டோவின் கருவிக்குள் நுழைந்தபோது ஏற்கனவே அதன் பெயர் 'பிக்ராஸ்' ஆகியிருந்தது. படம், குறுக்கெழுத்து என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் ஒட்டு. அதில் நோன் இல்லை. நுழைந்த கருவியின் பெயர் 'கேம் பாய்'.

காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் ஆனவர் நச்செள்ளையார். அங்கே பாட்டு, பாடியவளுக்குப் பெயர் தந்தது. இங்கே செய்தவளின் பெயர் செய்த பொருளுக்குப் போனது; பிறகு பொருளிலிருந்தும் உதிர்ந்தது. இது எனக்கு வெறும் தகவல் அல்ல. ஆய்வு மாணவியாக இருந்தபோது ஒரு பதிப்புக்கான சொல்லடைவை ஏழு மாதம் உட்கார்ந்து தயாரித்தேன். நூல் வந்தது. முன்னுரையில் "உதவிய மாணவர்களுக்கு நன்றி" என்று இருந்தது. இன்றும் அந்தச் சொல்லடைவைப் பயன்படுத்துகிறேன், மாணவிகளுக்கும் பரிந்துரைக்கிறேன். நான் செய்தது என்று சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

பெயர் உதிர்ந்ததைவிட நுட்பமான இன்னொன்றும் கேம் பாய்க்குள் நடந்தது. 'மரியோஸ் பிக்ராஸ்' விளையாட்டில் மரியோ தொல்லியலாளர். கையில் சுத்தியும் உளியும். நீங்கள் கட்டத்தை நிரப்புவதில்லை, கல்லைச் செதுக்குகிறீர்கள். முப்பது நிமிடம் தரப்படும். தவறான கட்டத்தைச் செதுக்கினால் உடனே தெரிந்துவிடும்: முதல் தவறுக்கு 2 நிமிடம் பறிபோகும், அடுத்ததற்கு 4, அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 8.

இஷிதாவின் படிமம் விளக்கு. தவறான சன்னலில் விளக்கு எரிந்தால் அணைத்துவிடலாம். மரியோவின் படிமம் உளி. செதுக்கிய கல்லை ஒட்டவைக்க முடியாது. புதிரின் கணக்கு இரண்டிலும் ஒன்றேதான். தவறு என்றால் என்ன என்பதுதான் மாறிவிட்டது. விளக்கில் அது திருத்திக்கொள்ளும் விஷயம். உளியில் அது தண்டனைக்குரிய குற்றம்; தண்டனையும் ஒவ்வொரு முறையும் கூடுகிறது. இரண்டாவது விளையாட்டைப் பெண்கள் கருவியில்லாமலே விளையாடி வளர்ந்திருக்கிறோம். சாம்பாரில் உப்பு கூடினால், கூட்டத்தில் ஒரு ஆண்டைத் தவறாகச் சொன்னால், வண்டியை நிறுத்தும்போது ஒருமுறை இடித்தால், உடனே குரல் வரும். அடுத்த முறை கூடுதலாக வரும்.

அதே 1995இல் ஜப்பானில் வந்த 'மரியோஸ் சூப்பர் பிக்ராஸ்' விளையாட்டில், மரியோவின் எதிரியான வாரியோவுக்கும் ஒரு பகுதி உண்டு. அங்கே நேர வரம்பில்லை. தவறினால் யாரும் சொல்லமாட்டார்கள். இருபது கட்டம் தள்ளிப் போனபிறகு எண்கள் ஒன்றோடொன்று முரண்படும். எங்கே பிசகியது என்று நீங்களே பின்னோக்கித் தேடவேண்டும். அது கடினமான பகுதி, வில்லனின் பகுதி. எனக்கு மட்டும் அதுதான் கண்ணியமான பகுதியாகத் தெரிகிறது. மகனின் ஸ்விட்சில் உள்ள விளையாட்டிலும் தவறைத் தானாகத் திருத்தும் உதவியை அணைத்துவைக்கலாம். முதல் வாரத்திலேயே அணைத்துவிட்டேன். நாள் முழுக்க இரண்டு இடங்களிலும் திருத்தப்படுகிறேன். பேப்பர் திருத்தி மற்றவர்களையும் திருத்துகிறேன். அந்த அரை மணி நேரத்தில் என் தவறு என்னுடையது. நானே செய்து, நானே கண்டுபிடித்து, நானே அழிப்பது.

இவ்வளவும் சொல்லிவிட்டு இந்த விளையாட்டை விடுதலை என்று எழுதிவிட்டால் அது பொய்யாகும். பெண்ணெழுத்து வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: "படத்த முன்னாடியே ஒருத்தர் முடிவு பண்ணிட்டாங்க. ஓரத்துல உத்தரவு எழுதியிருக்கு. நீங்க அதுபடி நிரப்புறீங்க. இதுல என்ன சுதந்திரம் மேம்?" பதில் சொல்ல முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் யோசித்து நிரப்பினால் கடைசியில் வருவது ஒரு கேக் துண்டு, ஒரு ஆமை, ஒரு தேநீர்க் கோப்பை. இந்தப் படத்துக்காகவா இவ்வளவு நேரம் என்று எனக்கே தோன்றியிருக்கிறது.

அவள் கேள்வி இன்னும் ஆழமாகப் போகிறது. நல்ல நோனோகிராமுக்கு ஒரே விடைதான் இருக்கவேண்டும் என்பது எழுதாத சட்டம். இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஓரத்திலும் 1 என்று எழுதுங்கள். இடது மேலிருந்து வலது கீழாக நிரப்பினாலும் சரி, வலது மேலிருந்து இடது கீழாக நிரப்பினாலும் சரி. இரண்டும் பிழையில்லாத விடைகள். அதனாலேயே அந்தப் புதிர் பிழையானது என்று ஒதுக்கப்படும். சிலேடையைப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குபவள் நான். இரண்டு பொருள் தருவதால் ஒரு கட்டம் தள்ளுபடியாகிறது என்பது எனக்கு உறுத்துகிறது.

மாணவிக்குப் பதில் தேடி, வரைபடத் தாளில் நானே ஒரு புதிர் செய்துபார்த்தேன். பத்துக்குப் பத்து. என் அம்மா பின்கட்டு சன்னலோரம் உட்கார்ந்து வாரப் பத்திரிகைத் தொடர்கதை படிக்கும் படம். யாராவது வரும் சத்தம் கேட்டால் புத்தகத்தை முறத்துக்கு அடியில் வைத்துவிட்டு அரிசி புடைப்பார். விளையாடுகிறேன் என்று சொல்ல வராத என் வாய் எங்கிருந்து வந்தது என்பது, படத்தை வரைந்து முடித்தபோதுதான் உறைத்தது. எண்களை எழுதிப்போட்டுத் தீர்த்துப் பார்த்தேன். கை இருக்கும் இடத்தில் நான்கு கட்டங்களுக்கு இரண்டு விடைகள் வந்தன. ஒன்றாக்கவேண்டுமானால் ஒரு கட்டத்தை நகர்த்தவேண்டும். நகர்த்தினால் அம்மாவின் கை புத்தகத்தை எட்டவில்லை. நகர்த்தாமல் விட்டுவிட்டேன். இலக்கணப்படி அது கெட்ட புதிர். மாணவியிடம் கொடுத்தேன். கை எங்கே என்று அவளே முடிவுசெய்துகொள்ளட்டும்.

ஆக, இந்த விளையாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் விடையை அல்ல. ஒரே விடை என்ற பிடிவாதத்தையும் அல்ல. யாரும் பார்க்காத இடத்தில் தவறுசெய்து, காரணம் தேடி, அழித்து, மீண்டும் தொடங்கும் உரிமையை. நோன் இஷிதாவின் சன்னல்களில் அது இருந்தது. பொழுதுபோக்கு என்று அதைச் சிறுமைப்படுத்துபவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: நமக்குப் போக்குவதற்குப் பொழுதே இருந்ததில்லை. இருப்பதாகச் சொல்லத் தொடங்குவதே முதல் வேலை.

போன வாரம் இரவு மறுபடி அதே கேள்வி வந்தது. "இன்னும் தூங்காம என்ன பண்ற?"

"விளையாடுறேன்" என்றேன்.

"சரி, முடிச்சதும் லைட்ட அணைச்சிடு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.